டிரிப்ஸில் ஏறிய மருந்து மாத்திரையான கதை

எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு ஹீமோகுளோபின் 8, 7 என்று இறங்கிக்கொண்டே போகிறது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்கள், ஏறவில்லை. பிளேட்லெட்டும் குறைவாக இருக்கிறது. கடைசியில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கே ரத்த அணுக்கள் உருவாகாமல் இல்லை. ஆனால் கோணலும் மாணலுமாக உருவாகி, ரத்தத்துக்கு வந்து சேரும் முன்பே செத்துப் போகின்றன. இதுதான் மயலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ். பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும் நோய். ஒரு பகுதியினருக்கு இது ஏ.எம்.எல். எனும் தீவிர ரத்தப் புற்றுநோயாக மாறிவிடும். முழுக்கக் குணமாக்க வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றும் சிகிச்சை ஒன்றுதான் வழி. அதைத் தாங்கும் உடம்பு இந்த வயதில் பலருக்கு இருப்பதில்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு உள்ள சில மருந்துகளில் ஒன்று டெசிடபைன். 1964இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வேதியியலாளர்கள் உருவாக்கிய மூலக்கூறு இது. அமெரிக்காவில் எம்.டி.எஸ். நோய்க்கு அனுமதி கிடைக்க 2006 ஆகிவிட்டது. நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய இந்த மருந்தை வாயால் விழுங்கும் மாத்திரையாக மாற்ற முடியுமா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய சோதனைதான் ‘அசர்டெய்ன்’. முதியவர்களுக்கான ஒரு மருந்தைச் சோதிக்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும், அந்தக் கேள்வி எதையெல்லாம் வெளியே விட்டுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

65 நாள் கணக்கு

நரம்பில் ஏற்றும் டெசிடபைனின் வழக்கமான முறை இப்படி: 28 நாள் கொண்ட ஒரு சுற்றில் முதல் 5 நாளும் தினமும் ஒரு மணி நேரம் டிரிப்ஸ். ஆண்டுக்கு 13 சுற்று வரும். அதாவது 65 நாள் மருத்துவமனைக்குப் போய் வர வேண்டும். மருந்து ஏறுவது என்னவோ ஒரு மணி நேரம்தான். டே கேர் வார்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மீதி நேரம் எங்கே போகிறது என்று தெரியும். காலையில் ரத்தப் பரிசோதனை, அதன் முடிவு வரும்வரை காத்திருப்பு, மருந்தகத்தில் மருந்து கலந்து வரும்வரை இன்னொரு காத்திருப்பு. அப்புறம் நரம்பு தேடும் படலம். எழுபது வயதுக் கையில் தோல் காகிதம் மாதிரி இருக்கும். பிளேட்லெட் குறைவாக இருப்பதால் வென்ஃப்ளான் எனும் டிரிப்ஸ் ஊசி குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கும். மூன்றாவது நாள் வலது கையில் இடமில்லை, இடது கையைக் காட்டுங்கள் என்பார்கள்.

இந்த மருந்தை இரண்டு மாதம் போட்டுப் பார்த்து நிறுத்திவிடவும் முடியாது. எம்.டி.எஸ்.ஸில் மஜ்ஜைச் செல்களின் சில மரபணுக்கள் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறியால் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. டெசிடபைன் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து, அந்தப் பூட்டைப் போடும் நொதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செல் பிரியப் பிரியப் பூட்டு மெல்லக் கழன்று, செல்கள் மறுபடி முதிர்ச்சி அடையத் தொடங்கும். செல் பிரியும் நேரத்தில்தான் மருந்து வேலை செய்யும் என்பதால் பலன் தெரிவதற்கே நாலைந்து சுற்று ஆகலாம். பலன் தெரிந்த பிறகும் தொடர வேண்டும். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே நூறு கிலோமீட்டர் இருந்தால், வண்டி ஓட்டும் மகனோ மகளோ வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தால், மருந்து வேலை செய்யும்போதே சிகிச்சையைக் கைவிடுகிறவர்கள் உண்டு.

குடலில் நிற்கும் காவல்காரன்

சரி, மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் என்ன? தடையாக இருந்தது சிட்டிடின் டிஅமினேஸ் என்ற நொதி. குடலிலும் கல்லீரலிலும் இது நிறைய உண்டு. டெசிடபைனை வாயால் விழுங்கினால், ரத்தத்துக்குப் போகும் முன்பே இந்த நொதி அதைச் சிதைத்துவிடும். மிச்சம் எவ்வளவு உள்ளே போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு மிஞ்சும்.

நொதியையே கொஞ்ச நேரம் கட்டிப்போட்டால் என்ன என்ற யோசனை புதியது அல்ல. டெட்ராஹைட்ரோயூரிடின் என்ற பொருளை வைத்து முன்பே முயன்றார்கள். வயிற்று அமிலத்தில் அது நிலைத்து நிற்கவில்லை. அதன் அமைப்பில் இரண்டு ஃப்ளோரின் அணுக்களைச் சேர்த்து உருவாக்கிய செடாசூரிடின் அமிலத்தைத் தாங்கியது. இந்த செடாசூரிடினுக்குப் புற்றுநோயோடு நேரடியாக எந்த வேலையும் இல்லை. குடலிலும் கல்லீரலிலும் நொதியை மடக்கிப் பிடித்து டெசிடபைனுக்கு வழிவிடுவதுதான் அதன் முழு வேலை.

அஸ்டெக்ஸ் என்ற மருந்து நிறுவனம் இந்த ஜோடியைப் படிப்படியாகச் சோதித்தது. முதல் கட்டத்தில் 44 பேர், அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க. இரண்டாம் கட்டத்தில் 80 பேர். அவர்களில் முதல் 50 பேருக்கு இரண்டு மருந்தையும் தனித்தனியாகவும், அடுத்த 30 பேருக்கு ஒரே மாத்திரையாகச் சேர்த்தும் கொடுத்தார்கள். இறுதியில் நிலைத்த அளவு: டெசிடபைன் 35 மில்லிகிராம், செடாசூரிடின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று, 5 நாள். டிரிப்ஸில் உயரம், எடை பார்த்து உடல் பரப்பைக் கணக்கிட்டு அளவு போடுவார்கள். மாத்திரையில் எல்லோருக்கும் ஒரே அளவு.

ஒரே ஆளில் இரண்டையும் அளப்பது

2018 பிப்ரவரியில் மூன்றாம் கட்டமான அசர்டெய்ன் தொடங்கியது. டெக்சாஸில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் கில்லெர்மோ கார்சியா மனேரோவும், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சவோனாவும் இதன் முக்கிய ஆய்வாளர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 37 இடங்கள். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் மட்டுமின்றி ஊர்ப்புறக் கிளினிக்குகளும் இருந்தன. எம்.டி.எஸ்., அதற்கு நெருங்கிய சி.எம்.எம்.எல். எனும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் ஆகிய நோய்கள் உள்ளவர்களில் மருந்து எடுத்துக்கொண்டவர்கள் 133 பேர். நடு வயது 71, அதாவது பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். மூத்தவருக்கு 88.

வழக்கமான சோதனையில் பாதிப் பேருக்கு ஒரு மருந்தும் மீதிப் பேருக்கு இன்னொரு மருந்தும் கொடுத்து, யார் அதிக நாள் வாழ்கிறார்கள் என்று பார்ப்பார்கள். அதற்கு நூற்றுக்கணக்கான ஆட்களும் பல ஆண்டுகளும் வேண்டும். இங்கே கேள்வியே வேறு. புது மருந்து எதுவும் இல்லை. பழைய மருந்து புது வழியில் வருகிறது. ரத்தத்தில் அதே அளவு மருந்து, அதே நேரத்துக்கு இருந்தால் அது செய்யும் வேலையும் அதேதான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அளக்க வேண்டியது ரத்தத்தில் உள்ள மருந்தை.

அதற்கு அவர்கள் எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு நோயாளியும் இரண்டு வழியிலும் மருந்து எடுத்துக்கொண்டார். முதல் சுற்றில் மாத்திரை என்றால் இரண்டாம் சுற்றில் டிரிப்ஸ். இல்லை, முதலில் டிரிப்ஸ் என்றால் பிறகு மாத்திரை. எது முதலில் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. மூன்றாம் சுற்றிலிருந்து எல்லோருக்கும் மாத்திரை. முதியவர்களின் உடம்பு ஒன்றுபோல் இருக்காது. ஒருவருக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்யும், இன்னொருவருக்குக் கல்லீரலில் அந்த நொதி அதிகம் இருக்கும். ஆள் மாறினால் எல்லாம் மாறும். அந்தச் சிக்கலை ஒரே ஆளின் ரத்தத்தை அதே ஆளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத் தாண்டினார்கள்.

ஒரு நுணுக்கம். மாத்திரையின் முதல் நாளை மட்டும் பார்த்தால் டிரிப்ஸைவிட மருந்து குறைவாகத்தான் ரத்தத்தில் இருக்கும். செடாசூரிடின் நொதியை மடக்கி நிலைபெறக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் அளவு உயர்ந்து முதல் நாள் குறையை ஈடுகட்டுகிறது. அதனால் ஒரு நாளை எடுத்துக்கொள்ளாமல் 5 நாள் மொத்தத்தையும் கூட்டி ஒப்பிட்டார்கள். முதல் நாளை மட்டும் அளந்திருந்தால் சோதனை தோற்றிருக்கும்.

முடிவு: டிரிப்ஸில் கிடைத்ததை 100 என்று வைத்தால் மாத்திரையில் கிடைத்தது 98.93. கணிப்பின் 90% நம்பக எல்லை, அதாவது உண்மை அளவு இருக்கக்கூடிய வரம்பு, 92.66 முதல் 105.60 வரை. மருந்து டி.என்.ஏ.வில் பூட்டைக் கழற்றிய அளவிலும் இரண்டுக்கும் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள்தான். 2020 ஜூலை 7 அன்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ‘இன்கோவி’ என்ற பெயரில் அனுமதி தந்தது. கோவிட் உச்சத்தில் இருந்த நேரம் அது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு முதியவர் மாதம் 5 நாள் மருத்துவமனைக் கூட்டத்தில் உட்காராமல் இருக்கலாம் என்பது அப்போது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

133 பேரில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு முழுப் பலன் கிடைத்தது. தொடர்ந்து ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்றிக்கொண்டிருந்த 57 பேரில் 30 பேர், குறைந்தது 56 நாள் எதுவும் ஏற்றாமல் இருக்க முடிந்தது. இந்த இரண்டாவது எண்ணிக்கைதான் வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும் எண்ணிக்கை என்று நினைக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றக் கூட்டிப் போகும் குடும்பத்துக்கு 56 நாள் என்பது சின்னதல்ல.

அளவுகோலே எவ்வளவு நீளம்?

மாத்திரை டிரிப்ஸுக்குச் சமம் என்றால் டிரிப்ஸின் குறைகளும் அதோடு வந்துவிடும். 60 வயதைத் தாண்டிய எம்.டி.எஸ். நோயாளிகள் 233 பேரிடம் ஐரோப்பாவில் முன்பு நடந்த சோதனையில், டெசிடபைன் எடுத்தவர்கள் நடுவாக 10.1 மாதமும், ரத்தம் ஏற்றுவது போன்ற ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.5 மாதமும் வாழ்ந்தார்கள். புள்ளியியல்படி அதை வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அசர்டெய்னில் நடு வாழ்நாள் சுமார் 32 மாதம் என்று வந்தது. அதைப் பார்த்து மாத்திரை வாழ்நாளைக் கூட்டுகிறது என்று சொல்லிவிடக் கூடாது. எல்லோரும் இரண்டையும் எடுத்து, பிறகு எல்லோரும் மாத்திரைக்கே வந்துவிட்டார்கள். ஒப்பிட ஆளே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி இந்தச் சோதனை வடிவமைக்கப்படவில்லை.

பக்க விளைவிலும் ஒரு எண்ணிக்கையை நான் தாண்டிப் போக மாட்டேன். முதல் இரண்டு சுற்றுகளில் ஆபத்தான பாதிப்புகள் (மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனவை போன்றவை) மாத்திரை எடுத்த சுற்றில் 130 பேரில் 40 பேருக்கு, அதாவது 31%. டிரிப்ஸ் சுற்றில் 132 பேரில் 24 பேருக்கு, 18%. இதில் நோயினாலேயே வருபவையும் உண்டு. எல்லாவற்றையும் மருந்தின் தலையில் கட்ட முடியாது. சிகிச்சையோடு தொடர்புள்ள மரணங்கள் 5, அவற்றில் 2 மாத்திரையோடும் 3 டிரிப்ஸோடும் தொடர்புடையவை. எல்லாமே தொற்றுகள். ரத்தத்தில் மருந்தின் அளவு சமமாக இருந்தும் 31, 18 என்று வந்திருக்கிறது. மாத்திரைதானே, லேசாக இருக்கும் என்று நினைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த இரண்டு எண்களை நான் முதலில் சொல்வேன். சோதனை முழுவதையும் எடுத்துக்கொண்டால், ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் கடுமையாகக் குறைவது 61% பேருக்கும், வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் கடுமையாகக் குறைவது 57% பேருக்கும் நடந்தது. இது கீமோதான். விழுங்குகிற கீமோ.

யார் சோதனையில் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தன் வேலையைத் தானே செய்துகொண்டு நடமாடும் நிலையில் இருந்தவர்களை மட்டுமே சேர்த்தார்கள். பாதி நாள் படுக்கையில் இருப்பவர்களுக்கு இடமில்லை. சோதனைக்கு அது நியாயமான விதிதான். ஆனால் மருத்துவமனைக்கு வர முடியாமல் மாத்திரைக்காகக் காத்திருப்பவர்களில் பலர் அந்த இரண்டாம் வகை. செடாசூரிடின் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் மந்தமானவர்களைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்கிறது மருந்தின் குறிப்பேடு. எண்பது வயதில் சிறுநீரகம் முழு வேகத்தில் ஓடுபவர் எத்தனை பேர்? தவிர, பங்கேற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர்.

இன்னொரு மாத்திரை, இன்னொரு பாடம்

டெசிடபைனின் உடன்பிறப்பு அசாசிடிடின். அதையும் மாத்திரையாக்கினார்கள், ஆனால் நொதியைத் தடுக்கும் துணை இல்லாமல். விழுங்கியதில் சுமார் 11% மட்டுமே ரத்தத்துக்குப் போகும். ஊசிக்குச் சமம் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே சமம் என்று நிரூபிக்கப் போகாமல், குறைந்த அளவை அதிக நாள் கொடுத்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சோதித்தார்கள்.

ஏ.எம்.எல். வந்து கீமோவால் அடங்கியவர்களில் 55 வயதைக் கடந்த 472 பேரிடம் நடந்த ‘குவாசார்’ சோதனையில், மாத்திரை எடுத்தவர்களின் நடு வாழ்நாள் 24.7 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 14.8 மாதம். பெரிய வெற்றி. 2020 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. அதே மாத்திரையை, தீவிரம் குறைந்த எம்.டி.எஸ். உள்ள 216 பேரிடம் சோதித்தபோது ரத்தம் ஏற்றாமல் இருக்க முடிந்தவர்கள் 31%, வெற்று மாத்திரையில் 11%. ஆனால் முதல் 56 நாளுக்குள் மாத்திரைப் பக்கம் 16 பேரும் வெற்று மாத்திரைப் பக்கம் 6 பேரும் இறந்துவிட்டார்கள். பெரும்பாலும் தொற்று. ஆள் சேர்ப்பதைப் பாதியில் நிறுத்தினார்கள். எம்.டி.எஸ்.ஸுக்கு இதைச் சோதனைகளுக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம், ஊசி அசாசிடிடினுக்குப் பதிலாகவும் கொடுக்க வேண்டாம் என்று அந்த மருந்தின் குறிப்பேட்டில் எச்சரிக்கையே இருக்கிறது.

ஒரே மருந்து, ஒரே மாத்திரை. நோய் அடங்கிய மஜ்ஜையில் உயிரைக் காத்தது. ஏற்கெனவே அணுக்கள் குறைந்து தள்ளாடும் மஜ்ஜையில் சிலரை அது தொற்றுக்குப் பறிகொடுக்க வைத்தது. அசர்டெய்ன் குழு சமத்தை நிரூபிக்க அத்தனை சிரமப்பட்டதன் அருமை இந்தக் கதையைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஐரோப்பாவில் 2023 செப்டம்பரில் இந்த டெசிடபைன் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தபோது அது எம்.டி.எஸ்.ஸுக்கு அல்ல, வழக்கமான கடும் கீமோவைத் தாங்க முடியாத ஏ.எம்.எல். நோயாளிகளுக்கு. அடுத்து வெனிடோகிளாக்ஸ் என்ற இன்னொரு மாத்திரையோடு இதைச் சேர்த்து, முழுக்க வாய்வழியே ஏ.எம்.எல். சிகிச்சை என்று சோதனை நடந்திருக்கிறது. அதிலும் ஒப்பிடும் குழு இல்லை.

வீட்டில் அந்த 5 நாள்

மாத்திரை சிவப்பு நிறம், முட்டை வடிவம். அட்டைக்கு 5. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் எதுவும் சாப்பிடக் கூடாது. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் ரத்தத்துக்குப் போகும் டெசிடபைனில் சுமார் 40% குறைந்துவிடுகிறது. டிரிப்ஸுக்குச் சமம் என்று அத்தனை பாடுபட்டுக் காட்டிய அந்த 98.93, ஒரு காலைப் பலகாரத்தில் போய்விடும். சோதனையில் இதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு செவிலியர் இருந்தார். வீட்டில் அந்த வேலை மனைவிக்கோ மருமகளுக்கோ வருகிறது.

ஒரு வேளை மறந்துபோய் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அன்றைக்கு விட்டுவிட்டு, ஒரு நாளைக் கூட்டி 5ஐயும் முடிக்க வேண்டும். விழுங்கியபின் வாந்தி வந்தால் இன்னொன்று போடக் கூடாது, மறுநாள் வழக்கம்போல. மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்க முடியவில்லை என்று தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே ஆகாது. இது செல்லைக் கொல்லும் மருந்து, பொடித்தால் பொடிப்பவர் கையிலும் மூச்சிலும் படும்.

ஆறாம் நாளிலிருந்து மருந்து கிடையாது. அணுக்கள் இறங்குவது அதற்கப்புறம்தான். டிரிப்ஸுக்குப் போய்வந்த காலத்தில் 5 நாளும் ஒரு செவிலியர் முகத்தைப் பார்த்தார், தோலில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார், மூச்சு வாங்குவதைக் கவனித்தார். மாத்திரைக்கு வந்த பிறகு ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், மருத்துவர் சொல்லும் இடைநாட்களிலும் ரத்தப் பரிசோதனை மட்டும் மிச்சம். மற்றபடி அந்தக் கண் வீட்டில் உள்ளவர்களின் கண். ராத்திரி பதினொரு மணிக்கு உடம்பு சுடுகிறது, தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது என்றால் காலை வரை பொறுக்காமல் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை முதல் மாத்திரை விழுங்கும் முன்பே எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சீட்டில் நோயின் பெயர், மருந்தின் பெயர், இந்தச் சுற்றின் முதல் மாத்திரை விழுங்கிய தேதி, மருத்துவமனையின் இரவு நேர எண், இவ்வளவும் இருக்கட்டும்.